ஓடிபி அழைப்பில் அறுந்த ஹாட்ஸ்பாட்: தாராவிக் கணக்கர் அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பை தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றின் முதல் மாடியில் இந்த அலுவலகம் இயங்குகிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளமையிலேயே வந்து குடியேறிய கணக்கர் ஒருவர் இதை நடத்துகிறார். வாடிக்கையாளர்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பதால் நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன். தோல் பை தைப்பவர்கள், ஆயத்த ஆடைப் பட்டறை வைத்திருப்பவர்கள், முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுபவர்கள், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து விற்பவர்கள் ஆகியோரின் ஜிஎஸ்டி கணக்குகளை அண்ணாச்சியும் மூன்று பணியாளர்களும் கவனிக்கிறார்கள். அங்குள்ள கணினிகளைப் பராமரிப்பது என் வேலை.

மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு, வரிக் கணக்கைச் சுருக்கமாகக் காட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னின் கடைசி நாள் அடுத்த மாதம் 20ஆம் தேதி. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சிறு வணிகர்களுக்கு மகாராஷ்டிராவில் 22ஆம் தேதி. ஆகவே ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் மார்ச் மாதக் கணக்கும் காலாண்டுக் கணக்கும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். தனி உரிமையாளராக வணிகம் செய்பவர்கள் பெரும்பாலும் டிஜிட்டல் கையொப்பம் வைத்திருப்பதில்லை. ரிட்டர்னின் இறுதிப் படியில் வணிகரின் கைபேசிக்கு ஓடிபி வரும். அதை அவர் கணக்கருக்குச் சொல்ல, கணக்கர் இணையதளத்தில் பதிந்தால்தான் தாக்கல் முடிந்ததாகப் பொருள். இந்த நடைமுறை பின்னால் வரப்போகும் சிக்கலுக்கு மையமானது.

அலுவலகத்தில் மூன்று மேசைக் கணினிகளும் ஒரு மடிக்கணினியும் உண்டு. மேசைக் கணினிகள் ரவுட்டருடன் லேன் (அலுவலகத்துக்குள்ளான வலையமைப்பு) கேபிளால் இணைந்தவை. அவற்றுள் ஒன்றில் மட்டுமே வைஃபை வசதி இருந்தது. டாலி என்னும் கணக்கு மென்பொருளின் தரவு முழுவதும் மற்றொரு மேசைக் கணினியில் இருக்க, மற்றவர்கள் லேன் வழியாக அதைத் திறந்து வேலை செய்வார்கள். வெளியுலக இணையத்துக்கு இருந்தது ஒரேயொரு ஃபைபர் இணைப்பு.

அண்ணாச்சியின் 5ஜி கைபேசியில் இரண்டு சிம்கள். வாடிக்கையாளர்கள் அனைவரும் அறிந்த பழைய எண் முதல் சிம். அதில் டேட்டா மிகக் குறைவு. இரண்டாவது சிம் டேட்டாவுக்கென்றே வாங்கியது. நாளொன்றுக்கு 2 ஜிபி, 5ஜி சிக்னல் கிடைக்குமிடத்தில் வரம்பற்ற பயன்பாடு என்பது அதன் திட்டம்.

ஏப்ரல் 19ஆம் தேதி: இணைப்பு போனதும் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதும்

காலை பத்தரை மணியளவில் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. சாலையைக் கான்கிரீட் போடுவதற்காகத் தோண்டிய இடத்தில் கேபிள் அறுந்துவிட்டதாகவும், எப்போது சரியாகும் என்று சொல்ல இயலாது என்றும் இணைப்பு வழங்குபவர் தெரிவித்தார். அன்று காலை நிலவரப்படி மாதாந்திர ரிட்டர்ன்கள் 26 பாக்கியிருந்தன. அண்ணாச்சி தம் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, கடவுச்சொல்லை எல்லோரும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னார்.

ஹாட்ஸ்பாட் இயங்கும்போது கைபேசி ஒரு சிறு ரவுட்டராகிறது. தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள்முகவரி கொடுத்து, அவை அனைத்தின் போக்குவரத்தையும் சிம்முக்குக் கிடைத்த ஒரே இணைப்பின் வழியாக அனுப்புகிறது. அந்த ஒரு சிம் தடுமாறினால் பின்னால் இருக்கும் எல்லாக் கணினிகளும் சேர்ந்தே தடுமாறும்.

மடிக்கணினி உடனே வேலை செய்தது. வைஃபை வசதியுள்ள மேசைக் கணினியோ, ஹாட்ஸ்பாட்டுடன் இணைந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டே எந்தப் பக்கத்தையும் திறக்க மறுத்தது. லேன் கேபிளைப் பிடுங்கியதும் இணையம் வந்தது, ஆனால் டாலி போய்விட்டது. கேபிளைச் செருகினால் டாலி வந்தது, இணையம் போய்விட்டது. அந்தக் கணினியில் இருந்த பணியாளர், எண்களைப் பார்க்கும்போது கேபிளைச் செருகுவதும், பார்த்ததைத் தாளில் எழுதிக்கொண்டு கேபிளைப் பிடுங்கிப் படிவத்தை நிரப்புவதுமாக மதியம் வரை ஓட்டினார். வைஃபை இல்லாத இரு கணினிகளும் தாக்கலுக்குப் பயன்படாமல் நின்றன.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்பு மடிக்கணினியும் ஏறத்தாழ நின்றுவிட்டது. அன்றைய டேட்டா ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதாகவும், நள்ளிரவு வரை வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக இருக்கும் என்றும் குறுஞ்செய்தி வந்திருந்தது. அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் வந்து சேர இரண்டு நிமிடங்களுக்கு மேலாகும். இன்றைய இணையப் பக்கங்களில் பல ஒரு மெகாபைட்டைவிடப் பெரியவை. "5ஜி அன்லிமிடெட்னுதானே ரீசார்ஜ் பண்ணோம்" என்பதே அண்ணாச்சியின் கேள்வி. கூடுதல் டேட்டா பேக் வாங்கி வேலையைத் தொடர்ந்தார்கள். மாலையில் என்னை அழைத்தபோது ஏழு ரிட்டர்ன்கள் மட்டுமே முடிந்திருந்தன. ஓடிபி பதியும் கட்டத்தில் பல முறை பக்கம் உறைந்துபோனதாகவும் சொன்னார்கள். கடைசி நாட்களில் ஜிஎஸ்டி இணையதளம் மந்தமாவது வழக்கம் என்பதால் அதை யாரும் தனிச் சிக்கலாக எண்ணவில்லை.

அன்று மாலை கண்டவை

அலுவலகத்தில் அனைவரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: சிக்னல் சரியில்லை. கைபேசியிலேயே வேகத்தைச் சோதித்தபோது ஜிஎஸ்டி வேலைக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு வேகம் இருந்தது. ஆகவே சிக்னலை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்த்தேன்.

முதலாவது, கேபிள் விவகாரம். விண்டோஸ் கணினியில் லேன், வைஃபை இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால், வெளியே செல்லும் வழிக்கு மெட்ரிக் எனப்படும் முன்னுரிமை எண் எதில் குறைவோ அதையே கணினி தேர்ந்தெடுக்கும். தானாக அமையும்போது பெரும்பாலும் லேனுக்கே முன்னுரிமை கிடைக்கும். ஃபைபர் செத்திருந்தாலும் ரவுட்டர் உயிரோடுதான் இருந்தது. அது முகவரி கொடுத்துக்கொண்டும், வெளி இணையத்துக்குத் தானே வாசல் என்று அறிவித்துக்கொண்டும் இருந்தது. கணினி அதை நம்பி, எங்கும் போகாத வழியில் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, 2 ஜிபி எங்கே போனது என்பது. ஜிஎஸ்டி பக்கங்கள் அவ்வளவு உண்பவை அல்ல. விண்டோஸ் அமைப்புகளில் எந்தச் செயலி எவ்வளவு டேட்டா எடுத்தது என்ற பட்டியல் உண்டு. மடிக்கணினியில் அதைத் திறந்தபோது, விண்டோஸ் புதுப்பிப்பும் கோப்புகளை மேகச் சேமிப்பில் (கிளவுட்) ஏற்றும் செயலியும் முதலிடங்களில் இருந்தன. புதிதாக ஒரு வைஃபை கிடைத்ததும், அது அளந்து கொடுக்கப்படும் டேட்டா என்பதை அறியாமல், ஃபைபர் இணைப்பில் செய்வதைப் போலவே அவை தாராளமாக இறக்கியும் ஏற்றியும் இருக்கின்றன. கைபேசியின் ஹாட்ஸ்பாட் பக்கத்திலோ இணைந்த கருவிகள் ஆறு எனக் காட்டியது. கணினிகள் இரண்டுதான். மீதி நான்கில் மூன்று பணியாளர்களின் கைபேசிகள், ஒன்று காலையில் வந்துபோன வாடிக்கையாளரின் மகனுடையது. அவன் மதியச் சாப்பாட்டுக்கு முன் திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தான்.

வரம்பற்ற 5ஜி ஏன் உதவவில்லை என்பதற்கு விடை, கைபேசி இருந்த இடத்தில் இருந்தது. அண்ணாச்சியின் மேசை அறையின் உட்பகுதியில், இரும்பு அலமாரிகளுக்கும் தடித்த சுவருக்கும் நடுவே உள்ளது. 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 4ஜியின் தாழ்ந்த அலைவரிசைகளைப் போலச் சுவர்களை எளிதில் ஊடுருவாது. மேசைமீது வைத்தால் கைபேசி 4ஜிக்கு இறங்கிவிட்டது. 4ஜியில் செலவாகும் ஒவ்வொரு பைட்டும் நாளொதுக்கீட்டில் கழிந்தது. சாலையைப் பார்த்த ஜன்னலருகே கொண்டுபோனதும் 5ஜி குறியீடு நிலைத்து நின்றது. வரம்பற்றது என்ற சொல்லை நம்புபவர்கள், திரையின் மேல்மூலையில் 4 இருக்கிறதா 5 இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கைபேசியை ஜன்னலருகே நிரந்தரமாக வைப்பதென முடிவாயிற்று. ஹாட்ஸ்பாட்டின் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றி, புதியதைக் கணினிகளில் நானே பதிந்தேன். டேட்டா சேமிப்பு இதற்கு ஒரு காரணம்தான். வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கணக்குகள் திறந்திருக்கும் வலையமைப்பில் வெளியார் கைபேசி இருப்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப்பட்டது. ஒவ்வொரு கணினியிலும் அந்த வைஃபையை 'மீட்டர்டு' (அளந்து கொடுக்கப்படும்) இணைப்பு என்று குறித்தோம். அப்படிக் குறித்தால் விண்டோஸ் பெரிய புதுப்பிப்புகளை இறக்காமல் தள்ளிப்போடும். மேகச் சேமிப்புச் செயலியைக் கையாலேயே நிறுத்தி வைத்தோம்.

கேபிள் சிக்கலுக்கு லேனைத் துண்டிக்கவில்லை. லேன் அட்டையின் மெட்ரிக்கைத் தானியங்கு நிலையிலிருந்து எடுத்து, வைஃபையுடையதைவிடப் பெரிய எண்ணாகக் கொடுத்தேன். அதன்பின் டாலி லேனிலும் இணையம் வைஃபையிலுமாக இரண்டும் ஒரே நேரத்தில் ஓடின. லேனுக்கு வாசல் முகவரியையே நீக்கிவிடலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் விண்டோஸ் அதை அடையாளம் தெரியாத பொது வலையமைப்பாகக் கருதிக் கோப்புப் பகிர்வைத் தடுத்துவிட வாய்ப்புண்டு. கடைசி நாளுக்கு முந்தைய இரவில் டாலியோடு விளையாட நான் விரும்பவில்லை.

வைஃபை இல்லாத இரு கணினிகளில், ஜன்னலுக்கு அருகில் இருந்ததைக் கைபேசியுடன் யுஎஸ்பி கேபிளால் இணைத்தோம். கைபேசிக்கு மின்னேற்றமும் ஆகும், வைஃபை நெரிசலும் குறையும். முதலில் எடுத்த கேபிளில், கைபேசியின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங் தெரிவே மங்கலாக நின்றது. மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவும், தரவு இழைகள் இல்லாத மலிவான கேபிள் அது. வேறு கேபிள் மாற்றியதும் சரியானது. மற்றொரு கணினிக்கு லேமிங்டன் சாலையிலிருந்து யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிவரச் சொன்னோம். அது வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் அறிந்த வகை. ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடியதால் அதன் பட்டியலில் பெயரே தோன்றவில்லை. நெரிசலான தாராவிச் சந்தில் 2.4இல் எத்தனை வீட்டு ரவுட்டர்கள் மோதுகின்றன என்பது தெரிந்திருந்தும், வேறு வழியின்றி ஹாட்ஸ்பாட்டை 2.4க்கு மாற்றினோம். ஜிஎஸ்டி வேலைக்குத் தேவையான வேகம் அதிலும் கிடைத்தது.

20ஆம் தேதி காலை: ஓடிபியும் அழைப்பும்

இவ்வளவுக்குப் பிறகும் காலை பத்து மணியிலிருந்து பக்கங்கள் ஓடிபி கட்டத்தில் உறைந்தன. வேறெந்தக் கட்டத்திலும் அப்படி நேரவில்லை. பணியாளர்கள் இணையதளத்தைக் குறை சொன்னார்கள்; 20ஆம் தேதி என்பதால் அது நம்பத்தக்க குற்றச்சாட்டாகவே இருந்தது. ஆனால் ஒரு கணினியில் உறையும்போது, வேறு வேலையில் இருந்த மற்றக் கணினிகளிலும் அதே நொடியில் இணையம் நின்றது. அது இணையதளத்தின் கோளாறாக இருக்க முடியாது.

அடுத்த முறை உறைந்தபோது கணினித் திரையை விட்டுக் கைபேசியைப் பார்த்தேன். அண்ணாச்சி ஜன்னலருகே நின்று, யுஎஸ்பி கேபிள் தொங்க, அதே கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் தோல் பை வணிகர்: "அண்ணாச்சி, நம்பர் வந்துட்டு, எழுதிக்கோங்க." ஓடிபியைச் சொல்லச் சொல்லப் பணியாளர் பதிந்து பொத்தானை அழுத்தினார், பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. பேச்சு முடிந்த சில நொடிகளில் இணையம் திரும்பியது, ஆனால் அந்தக் கோரிக்கை தோற்றுப்போயிருந்தது. கைபேசியின் அழைப்புப் பட்டியலையும், பணியாளர் பிழை வந்த நேரங்களைக் குறித்துவைத்திருந்த தாளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு துண்டிப்புக்கும் நேராக ஓர் அழைப்பு இருந்தது.

காரணம் இதுதான். இரண்டு சிம் போடும் கைபேசிகளில் பெரும்பாலானவற்றில் இரு சிம்களும் அழைப்புக்காகக் காத்திருக்கலாம். ஆனால் ஒன்றில் பேச்சு நடக்கும்போது மற்றொன்றின் டேட்டா நிற்கும். ஒரே சிம்மில் அழைப்பும் டேட்டாவும் இருந்தால் வோல்டிஇ (4ஜி டேட்டா வழியாகவே அழைப்பு செல்லும்) வசதியால் இரண்டும் சேர்ந்து ஓடும். இங்கே அழைப்பு முதல் சிம்மில், டேட்டா இரண்டாம் சிம்மில். தாக்கலை முடிக்கத் தேவையான எண்ணைச் சொல்ல வந்த அழைப்பே, அந்த எண்ணை அனுப்ப வேண்டிய பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. வணிகர் எவ்வளவு பொறுமையாக இணைப்பில் காத்திருந்து "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டாரோ, அவ்வளவுக்குத் தாமதம் கூடியது.

மூன்று வழிகள் இருந்தன. அழைப்பின்போது டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் அமைப்பு கைபேசியிலேயே இருந்தது. ஆனால் முதல் சிம்மில் டேட்டா குறைவு. மேலும் அப்படி மாறும்போது வெளிமுகவரியும் மாறுவதால் நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் எப்படியும் அறும். அழைப்புச் சிம்மை வேறு கைபேசிக்கு மாற்றலாம் என்றால், அண்ணாச்சியின் யுபிஐ செயலி அந்த எண்ணோடும் அந்தக் கைபேசியோடும் கட்டப்பட்டது; சிம்மை எடுத்தால் மறுபடி சரிபார்க்கச் சொல்லும். வாடிக்கையாளர்கள் கட்டணம் செலுத்தும் நாளில் அதற்கு அவர் ஒப்பவில்லை, அது நியாயமும்கூட. எஞ்சியது டேட்டா சிம்மை நகர்த்துவது. மூத்த பணியாளரின் 5ஜி கைபேசியில் இரண்டாம் சிம் இடம் காலியாக இருந்தது. டேட்டா சிம்மை அதில் போட்டு, அவருடைய சொந்தச் சிம்மை அமைப்புகளில் அன்றைக்கு மட்டும் அணைத்துவைத்தோம். ஜன்னலில் இருந்த கைபேசிக்கு இனி யாரும் பேசமாட்டார்கள். பேசும் கைபேசி அண்ணாச்சியின் சட்டைப்பைக்குத் திரும்பியது.

விளைவு

அதற்குப் பின் ஓடிபி கட்டத்தில் எந்தத் துண்டிப்பும் நேரவில்லை. நான்கு கணினிகளும் தாக்கலில் ஈடுபட்டன.

பிற்பகலில் ஒரு குறுக்கீடு மட்டும் வந்தது. மேற்கு வெயில் ஜன்னலில் விழ, 5ஜி, ஹாட்ஸ்பாட், மின்னேற்றம் மூன்றும் சேர்ந்து கைபேசி கையில் பிடிக்க முடியாத சூடானது. மின்னேற்றம் தானாக நின்றது, வேகமும் சரிந்தது. உறையைக் கழற்றி, ஜன்னல் விளிம்பிலிருந்து நிழலுக்கு இறக்கி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினோம். அரை மணிக்குள் சீரானது. ஏப்ரல் மாத மும்பையில் சிக்னலுக்கு நல்ல இடமும் சூட்டுக்கு நல்ல இடமும் ஒன்றாக இருப்பதில்லை.

இரவு பத்தரை மணிக்குள் மீதமிருந்த 19இல் 18 முடிந்தன. விடுபட்ட ஒன்று, ஊருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த வணிகருடையது. அவருடைய கைபேசிக்கு ஓடிபி எட்டவில்லை. அது 21ஆம் தேதி தாக்கலானது. ஒரு நாள் தாமதக் கட்டணம் 50 ரூபாய், மத்திய வரிக்கு 25, மாநில வரிக்கு 25. ஆண்டுக்கு 18 சதவீத வீதத்தில் ஒரு நாள் வட்டியும் சேர்ந்தது. இரண்டையும் அண்ணாச்சியே ஏற்றார். இதற்கு ஹாட்ஸ்பாட் காரணமில்லை. ஆனால் 19ஆம் தேதி வேலை ஒழுங்காக நடந்திருந்தால், அந்த வணிகர் ரயிலேறும் முன்பே முடிந்திருக்கும். 21 மாலை ஃபைபர் திரும்பியதால் காலாண்டு ரிட்டர்ன்கள் சிக்கலின்றி முடிந்தன. லேனின் மெட்ரிக்கைப் பழையபடி தானியங்கு நிலைக்கு மாற்றினோம்.

மாற்றியவை

மே மாதத்தில் சிம் பொருத்தக்கூடிய 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினோம். ஃபைபர் அதில்தான் நுழைகிறது. அது நின்றால் ரவுட்டரே சிம்முக்கு மாறிக்கொள்ளும். கணினிகள் எப்போதும் போல லேன் கேபிளிலேயே இருப்பதால் டாலிக்குத் தொந்தரவில்லை, மெட்ரிக்கை மாற்ற வேண்டியதில்லை, அடாப்டர்களும் தேவையில்லை. 5ஜி வகை வாங்காததற்கு விலை ஒரு காரணம். படிவம் நிரப்புவதற்கு 4ஜி போதும் என்பது மற்றொன்று. ஆனால் 4ஜி என்பதால் நாளொதுக்கீடு நிச்சயம் கழியும். ஆகவே, ரவுட்டர் சிம்முக்கு மாறிய நாளில் மேகச் சேமிப்பை நிறுத்துவது யார் என்பதைப் பெயர் குறித்து எழுதி ஒட்டியிருக்கிறோம். பணியாளர்களின் கைபேசிகளுக்கு விருந்தினர் வைஃபை தனியாக உண்டு. சிம்மில் ஓடும்போது அதை அணைத்துவிட வேண்டும்.

வாங்கிய வாரமே ஃபைபரைக் கையால் பிடுங்கிச் சோதித்தோம். ரவுட்டர் மாறிக்கொள்ள ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஆனது. திறந்திருந்த ஜிஎஸ்டி கணக்கில் மட்டும் மறுபடி நுழைய வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டில் எனக்கு இருக்கும் ஒரே ஐயம், மாதக்கணக்கில் பயன்படாத சிம்மின் செல்லுபடி. ரீசார்ஜ் முடிந்திருப்பது, ஃபைபர் அறுந்த அன்றுதான் தெரியவரும். அதனால் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி அந்தச் சிம்மின் செல்லுபடியைப் பார்த்து, தேவைப்பட்டால் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பு மூத்த பணியாளரிடம் கொடுக்கப்பட்டுள்ளது.